கோத்தகிரி கொல்லுப்பட்டறை: வேட்டைக்கத்தி செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு

கோத்தகிரி மார்க்கெட்டுக்குக் கீழே, காய்கறி மண்டிகளைத் தாண்டி இறங்கும் சந்தில் ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் சாய்த்து வைத்திருக்கும் மண்வெட்டிகளும் தேயிலைக் கிளை கழிக்கும் கவாத்துக் கத்திகளும்தான் அடையாளம். கையால் ஒரு வேட்டைக்கத்தி செய்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள், நீலகிரியிலோ மேட்டுப்பாளையம், கோவைப் பக்கமோ இருந்தால், ஒருமுறை இங்கே போய்ப் பாருங்கள். ஆனால் கத்தியை முழுசாக அங்கே இருக்கும் கொல்லரிடமே முடித்து வாங்கிவிடாதீர்கள். அடிக்கிற வேலை அவருடையது, அரத்தால் ராவுகிற வேலை நம்முடையது, தோய்ச்சல், அதாவது சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று முக்கிக் கடினமாக்குவது, இரண்டு பேரும் சேர்ந்து நின்று செய்ய வேண்டியது. இந்தப் பங்கு பிரித்தல் சரியாக அமைந்தால் நல்ல கத்தி கிடைக்கும். அமையாவிட்டால் அழகான சின்ன அரிவாள் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள். திருத்துவதற்குப் பேப்பர் இல்லாத சனி ஞாயிறுகளில் வீட்டுப் பின்கட்டில் அரமும் உப்புத்தாளுமாக உட்கார்ந்துவிடுவேன். அப்பா எஸ்டேட்டில் கவாத்து மேஸ்திரியாக இருந்தவர். அதனால் எங்கள் வீட்டில் கத்திக்குப் பஞ்சம் இருந்ததில்லை, பெண்பிள்ளை கத்தி தீட்டினால் யாரும் முகம் சுளித்ததும் இல்லை. வெளியில் அப்படி இல்லை. "டீச்சருக்கு எதுக்கு வேட்டைக்கத்தி?" என்று கேட்காதவர்கள் குறைவு.

கேள்வி நியாயமானதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த மலையில் வேட்டைக்கு இடமே கிடையாது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் இங்கே வேட்டைக்காரர்களுக்கென்றே சங்கம் இருந்தது, 1879இல் நீலகிரிக்கு மட்டும் தனிச்சட்டம் போட்டு எப்போது சுடலாம், எப்போது சுடக் கூடாது என்று வரையறுத்தார்கள். அதெல்லாம் போய்விட்டது. கத்தியின் வடிவம் மட்டும் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது, காரணம் அது உண்மையிலேயே கைக்கு வசதியான வடிவம். நான்கு அங்குல அலகு. முதுகு நேராகப் போய் முனையை நெருங்கும்போது மெல்லக் கீழே சரியும். வெட்டுகிற வாய்ப்பக்கம் முனையருகில் நன்றாக வளைந்து வயிறு வைத்திருக்கும். இதை டிராப் பாயிண்ட் என்பார்கள். அமெரிக்காவில் பாப் லவ்லெஸ் என்ற கத்திக்காரர் பிரபலப்படுத்தியது, 2010இல் காலமானார். தோல் உரிக்கும்போது முனை குடலைக் குத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சரிவு. நமக்கு அது ஆட்டுக்கும் கோழிக்கும் உதவும், சுள்ளி சீவவும் கயிறு அறுக்கவும் பலாப்பழத்தைப் பிளக்கவும் உதவும். சட்டப்படியும் சிக்கல் இல்லை. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால்தான் ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலுக்குள் வரும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறச் சொல்லவில்லை. துணியில் சுற்றிப் பையின் அடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம்.

கொல்லர் அண்ணனுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். அவருடைய அப்பா காலத்தில் சமவெளியிலிருந்து மலை ஏறி வந்த குடும்பம். அதற்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே இந்த மலையின் இரும்பு வேலை கோத்தர்கள் கையில் இருந்தது. தோடர்களுக்கும் படுகர்களுக்கும் வேண்டிய கத்தி, கோடாலி, களைக்கொத்து எல்லாம் அவர்கள் உலையில்தான் பிறந்தன. அண்ணனே அதை மரியாதையோடு சொல்வார்: "நாங்க பின்னால வந்தவங்க டீச்சர், இங்க உலை வெச்சவங்க அவங்கதான்." உதவிக்கு அக்கா மகன் இருக்கிறான், சம்மட்டி அவன் கையில். துருத்தி போய் மின்சார ஊதி வந்துவிட்டது. கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், மழைக்காலத்தில் கரண்ட் போவது சகஜம். இதை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இந்தப் பட்டறையின் முதல் சிறப்பு இரும்பு. பின்சுவரை ஒட்டிப் பழைய லாரிப் பட்டைகளும் ஜீப் பட்டைகளும் அடுக்கி வைத்திருக்கிறார். வண்டியின் அடியில் சுமை தாங்கும் பட்டை என்பது நல்ல ஸ்பிரிங் எஃகு. கார்பன் பெரும்பாலும் 0.5 முதல் 0.6 சதவீதம், கூடவே சிலிக்கானும் மாங்கனீசும். ஈஎன் 45 என்ற பெயரிலும் அதன் நெருங்கிய உறவுகளாகவும் வரும். ரொம்பக் கடினமாகி உடைகிற ஜாதி கிடையாது, அடி தாங்கும். காட்டுவேலைக் கத்திக்கு இதைவிட எளிதாகக் கிடைக்கும் எஃகு நம் ஊரில் இல்லை. துருப்பிடிக்காத எஃகு வேண்டும் என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், அதை உலையில் வைத்துச் சமாளிக்க முடியாது.

ஆனால் பழைய பட்டையில் ஒரு ஆபத்து உண்டு. லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கலாம். அண்ணன் பட்டையைத் தேர்ந்தெடுப்பதைப் பார்ப்பதற்கே போகலாம். ஒரு முனையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் இடம் மாற்றி மாற்றித் தட்டுவார். நல்ல பட்டை நீளமாக ரீங்கரிக்கும். வெடிப்பு இருந்தால் சத்தம் செத்துப்போகும். அப்புறம் நடு போல்ட் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடை தள்ளி வெட்டி எறிந்துவிடுவார், வெடிப்பு முதலில் விழுகிற இடம் அதுதான் என்பதால். கடைசியாக ஒரு மூலையைச் சாணைச் சக்கரத்தில் வைத்துப் பொறியைப் பார்ப்பார். சாதா இரும்பு நீளமான கோடுகளாக மட்டும் பொறி விடும். கார்பன் ஏற ஏற அந்தக் கோடுகள் நடுவிலேயே கிளை கிளையாக வெடிக்கும். வகுப்பில் படம் போட்டுக் காட்டுவதைவிட இங்கே ஒரு நிமிடம் நின்றால் புரிந்துவிடும்.

ஜீப் பட்டையைக் கேளுங்கள், லாரிப் பட்டை வேண்டாம். லாரிப் பட்டை தடிமன், அதை நம் கத்தியின் அளவுக்கு மெலிய வைக்க நிறைய தடவை காய்ச்ச வேண்டியிருக்கும். காய்ச்சுகிற ஒவ்வொரு தடவையும் மேல்தோலில் கார்பன் கொஞ்சம் எரிந்து போகும். ஜீப் பட்டையில் அடி குறைவு, நேரமும் குறைவு.

அடிக்கிற வேலையில் அண்ணனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காகிதத்தில் வரைந்து அட்டையில் வெட்டிய மாதிரியைக் கொண்டுபோனேன். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அட்டை எரிஞ்சு போயிரும், தகரத்துல வெட்டிட்டு வாங்க" என்றார். தகரத்தில் வெட்டிக் கொடுத்தால் பட்டடைக்கல்லின் மேலேயே வைத்துச் சிவந்த இரும்போடு ஒப்பிட்டுக்கொள்வார். முனையை முதலில் அடிக்க வேண்டும் என்பது அவரிடம் பார்த்ததுதான். நேரான முனையை வாய்ப்பக்கம் வரும்படி சாய்வாக மடக்கி அடிப்பார். பிறகு வாயை மெலிய வைக்கும்போது இரும்பு விரிந்து அலகு தானாக மேல்நோக்கி வளையும், வேட்டைக்கத்திக்கு வேண்டிய வளைவு அப்போது வந்து நிற்கும். முதலிலேயே வளைவாக அடித்தால் கடைசியில் வாழைப்பழமாகிவிடும். இவ்வளவையும் மாமனும் மருமகனும் பேச்சே இல்லாமல் செய்வார்கள். அண்ணன் சின்னச் சுத்தியலால் எங்கே தட்டுகிறாரோ அங்கே சம்மட்டி விழும், பட்டடையின் ஓரத்தில் வெறுமனே ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம்.

அடித்து முடிந்ததும் நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டியது இரண்டு விஷயம். கேட்காவிட்டால் செய்ய மாட்டார், அவருக்குப் பழக்கமான மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் அது தேவைப்படுவதில்லை. ஒன்று, அலகை மூன்று தடவை சிவக்கக் காய்ச்சி, ஒவ்வொரு தடவையும் வெறும் காற்றில் ஆறவிட வேண்டும், மூன்றாவது தடவை முதல் தடவையைவிடச் சூடு கொஞ்சம் குறைவாக. அடிபட்ட இரும்புக்குள் இருக்கும் இறுக்கம் இதில் தளரும், எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பொடிசாகும். தோய்ச்சலில் கத்தி கோணுவது பெருமளவு குறையும். இரண்டு, சாயங்காலம் உலையை மூடும்போது கடைசியாக ஒரு தடவை காய்ச்சி, அடுப்புச் சாம்பலுக்குள் ஆழமாகப் புதைத்து விடிய விடிய ஆறவிட வேண்டும். இதைச் செய்யாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும், அரத்தின் பல்லும் போய்விடும். செய்தால் மறுநாள் காலையில் அரம் கடித்துக்கொண்டு இறங்கும். முதலில் இதைக் கேட்டபோது அண்ணன் சிரித்தார். "சோறு வெச்சு தூங்க வைக்கச் சொல்றீங்க" என்றார். இப்போது அவரே சாம்பலைக் கிளறிவிட்டு, "தூங்கிட்டிருக்கு டீச்சர், நாளைக்கு வாங்க" என்று போனில் சொல்கிறார்.

அந்த "நாளைக்கு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கவாத்து சீசனில் எஸ்டேட் வேலைகள் குவிந்துவிடும், நம் பொழுதுபோக்குக் கத்தி அடுக்கின் அடியில் போய்விடும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வயிற்றுப்பாட்டுக்குக் கத்தி கேட்கிறவர்கள் முன்னால் நிற்கட்டும். ஆனால் முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடலாம். அவர் சொல்லவே மாட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வருகிறவர்கள் போன் செய்து, பின்னணியில் சுத்தியல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இனி வீட்டு வேலை. இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமைதான் வேலை. பலகையில் இரண்டு கிளாம்ப் போட்டு அலகை இறுக்கி, முரட்டு அரத்தால் வாயின் சரிவை ராவ வேண்டும். மார்க்கரால் வாயின் நடுக்கோட்டை முன்கூட்டியே கீறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் வேறு வேறாகப் போய்விடும். வாய் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் மெலிய வைத்தால் தோய்ச்சலில் அலை அலையாக நெளியும். பிடிக்கான ஓட்டைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும், கடினமான பிறகு சாதா டிரில் பிட் இறங்காது.

அடுத்தது தோய்ச்சல். அண்ணனோடு எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு இங்கேதான்.

அவருடைய வழி பரம்பரை வழி. வாயை மட்டும் ஒரு விரற்கடை அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் வாயை மட்டும் முக்கி எடுத்து, முதுகில் மிச்சம் இருக்கும் சூடு வாய்க்கு இறங்கி வரும்போது ஓடுகிற நிறத்தைப் பார்த்து, வைக்கோல் நிறம் வந்ததும் முழுசாகத் தண்ணீரில் போட்டுவிடுவார். அரிவாளுக்கு இது பிரமாதம். கனமான முதுகு மெத்தென்று இருந்து அடி தாங்கும், வாய் மட்டும் கடினமாகும். நிறம் பார்க்கிற அந்தக் கண்ணுக்கு ஈடாக என்னிடம் கருவி எதுவும் இல்லை. ஆனால் நம் கத்தி மெல்லியது. இந்த ஸ்பிரிங் எஃகு எண்ணெயிலேயே நன்றாகக் கடினமாகக்கூடியது, தண்ணீர் அதற்கு அதிகப்படியான வேகம். குன்னூரிலிருந்து வந்த ஒரு பையனுடைய கத்தி என் கண் முன்னாலேயே தண்ணீருக்குள் "டிங்" என்றது. எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து முதுகு வரைக்கும் ஒரு மயிரிழைக் கோடு. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணனும் அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

அதனால் எண்ணெயை நீங்களே கொண்டுபோங்கள். அடி மூடிய அகலமான இரும்புக் குழாயில் சூரியகாந்தி எண்ணெய், அலகு முழுசாக முங்குகிற ஆழத்துக்கு. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், சூட்டைச் சீராக வாங்காது, அதிலும் நம் ஊர்க் காலைக் குளிரில் கேட்கவே வேண்டாம். ஒரு இரும்புத் துண்டைக் காய்ச்சி எண்ணெயில் போட்டு, 50, 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பழைய என்ஜின் ஆயிலை அண்ணன் இலவசமாகத் தருவார், வாங்காதீர்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

சூடு எவ்வளவு என்பதற்கு என் ஆயுதம் ஒரு காந்தம். கம்பி நுனியில் கட்டிய காந்தத்தை அலகில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும், கியூரி வெப்பநிலை என்று பாடத்தில் எடுக்கிறோமே அதுதான். இந்த எஃகுக்கு 830 முதல் 860 டிகிரி வேண்டும். ஆகவே காந்தம் விட்ட பிறகு இன்னும் ஒரு சாயல் நிறம் ஏறும்வரை பொறுத்து, அப்போதுதான் எண்ணெய்க்கு. முனை கீழே பார்க்க நேராக இறக்க வேண்டும், மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டில் ஆட்டினால் கோணிவிடும். எண்ணெயில் தீ எழும், பயப்பட வேண்டாம், மூடுவதற்குத் தகரம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். நைலான் துப்பட்டா, சிந்தெடிக் புடவை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நான் பழைய பருத்திச் சட்டையும் அப்பாவின் எஸ்டேட் பூட்ஸும் போட்டுக்கொண்டு போவேன், சந்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

அண்ணன் முதலில் இந்தக் காந்த விளையாட்டைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு தன் கண்ணால் நிறம் பார்த்து, "இப்ப விட்டுருச்சு பாருங்க" என்று காந்தம் விடுவதற்கு அரை நொடி முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தார். ஒருமுறைகூடத் தப்பவில்லை. உலைக்கு மேலே மட்டும் வெளிச்சம் விழாதபடி தகரத்தால் மறைத்து வைத்திருப்பது அந்தக் கண்ணுக்காகத்தான்.

எண்ணெயிலிருந்து எடுத்த அலகில் அரத்தை வைத்தால் கண்ணாடிமேல் வைத்தது மாதிரி வழுக்க வேண்டும். வழுக்கினால் தோய்ச்சல் பிடித்துவிட்டது. இந்த நிலையில் கீழே போட்டால் உடைந்துவிடும், அன்றைக்கே மிதமாகச் சூடாக்கி முறுகலைத் தணித்து, பதம் இறக்கியாக வேண்டும். அண்ணன் உலையின் ஓரத்திலேயே காட்டித் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்து கேக் சுடுகிற ஓடிஜி மின்னடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். அடுப்பின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாது, தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். தட்டில் மணல் பரப்பி அதில் அலகைப் புதைத்தால் சூடு ஏறி இறங்குவது குறையும். வெளியே எடுக்கும்போது, உப்புத்தாளால் முன்கூட்டியே தேய்த்துவைத்த இடத்தில் வைக்கோல் நிறம் இருந்தால் சரி. நீலம் வரை போய்விட்டால் மறுபடி ஸ்பிரிங்தான், கத்தி ஆகாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். அத்தை பிளம் கேக்கில் எண்ணெய்ப் புகை வாடை வருகிறது என்று சொன்னது ஜனவரி தாண்டியும் ஓயவில்லை.

பட்டறையைப் பற்றி என்னுடைய பெரிய குறை சாணை. "கடைசியா ஒரு சாணை பிடிச்சுத் தர்றேன்" என்று பாசத்தோடு கையை நீட்டுவார்கள், அதிலும் அந்தப் பையன். கொடுத்துவிடாதீர்கள். அங்கே இருப்பது வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரம். மெல்லிய வாயை அதில் வைத்தால் ஒரு நொடியில் நீலம் பாய்ந்துவிடும், அந்த இடத்தில் பதம் போயே போய்விட்டது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், சுள்ளி சீவினால் மடங்கும். வீட்டிலேயே தண்ணீர்க் கல்லில் பொறுமையாகத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். இல்லாவிட்டால் நாலரை, தேதி சொல்வதற்காக அரை குறைத்து.

பிடிக்கும் அங்கே போக வேண்டாம். அவர் போடுவது பூண் போட்ட உருண்டைப் பிடி, தேயிலை வெட்ட நல்லது. வேட்டைக்கத்திக்கு இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்துப் பித்தளைக் கம்பியால் ஆணி அடித்து அரால்டைட் போட்டு ஒட்டுகிற பிடிதான் பொருந்தும். மரத்துக்கு இந்த மலையில் குறையே இல்லை. சில்வர் ஓக் எல்லா எஸ்டேட்டிலும் நிழல் மரமாக நிற்கிறது, மையத்திலிருந்து ஆரவாக்கில் நீளமாக அறுத்தால் சரிகை போட்டது போல ரேகை தெரியும், ஆனால் கொஞ்சம் மெது. என் விருப்பம் பழைய தேயிலைச் செடியின் அடித்தண்டு. பிடுங்கிப் போட்ட தூர்களை விறகுக்காகக் கொடுப்பார்கள், அதில் வெடிக்காத துண்டைத் தேடி எடுத்து ஒரு வருஷமாவது நிழலில் உலர்த்த வேண்டும். கனம், வழவழப்பு, நல்ல வெண்ணெய் நிறம். ஈட்டி மரத்துக்கு ஆசைப்பட்டால் பழைய சாமான் கடையில் உடைந்த நாற்காலிக் காலைத் தேடுங்கள், மரமாக வெட்டுவதற்குத் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுத் தனிச்சட்டம் நெடுங்காலம் கட்டுப்பாடு வைத்திருந்தது. கடமான் கொம்பில் பிடி போட்ட பழைய கத்திகளைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. காட்டில் தானாக உதிர்ந்து கிடந்த கொம்பாக இருந்தாலும் எடுத்து வருவது குற்றம். யாராவது பைக்குள் வைத்து நீட்டினால் விலகிப் போய்விடுங்கள். கொம்புதான் வேண்டும் என்றால் வீட்டு எருமையின் கொம்பு இருக்கிறது.

உறைக்கு ஒரு எச்சரிக்கை. பை, செருப்பு தைக்கிற தோல் பெரும்பாலும் குரோம் பதனிட்டது, அதில் கத்தியை வைத்தால் துரு பிடித்துவிடும். மரப்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் வேண்டும். திண்டுக்கல், திருச்சிப் பக்கம் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு துண்டு வாங்கி, மார்க்கெட்டில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுத்தால் தடித்த நூலில் தைத்துக் கொடுத்துவிடுவார்.

கத்தி எப்படி? சொந்தப் பொருளுக்கு நானே மார்க் போடுவது சரியில்லை என்று கறிக்கடை பாயிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் சேர்வதற்கு முன்னால். தொங்கிய கிடாயின் பின்னங்காலில் முனையை வைத்து ஒரே இழுப்பில் தோலைக் கீறினார். முனை சதைக்குள் இறங்கவில்லை. பிறகு வளைந்த வயிற்றுப் பகுதியால் தோலுக்கும் சதைக்கும் நடுவில் வெள்ளைச் சவ்வை நீவி நீவிப் பிரித்துக்கொண்டே போனார். முழுசும் உரித்து முடிக்கும்வரை தீட்டுகோலைத் தொடவில்லை. கடைசியில் கத்தியை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வாய் நல்லா நிக்குது டீச்சர். பிடிதான் ஒல்லி. கொழுப்பு பட்டா நழுவுது. பின்னால கொஞ்சம் கொக்கி மாதிரி வைங்க." அடுத்த கத்திக்குப் பிடியின் கடைசியில் கொக்கி வைத்துத்தான் வரைந்திருக்கிறேன்.

துரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். கோத்தகிரிக்கு மழை அதிகம் வருவது வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். இரவு சும்மா வைத்த அலகு காலையில் செம்பொட்டு போட்டிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் பாதி வருஷம் கட்டியாகத்தான் கிடக்கும். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேட்டு வாங்குங்கள். உறையாது, நாறாது, சாப்பாட்டில் பட்டாலும் பிரச்சனை இல்லை. மழைக்காலத்தில் கத்தியை உறைக்குள் வைக்காமல் தனியாக வையுங்கள்.

மாற்று வழிகளும் இருக்கின்றன. கோவையில் ஹீட் டிரீட்மெண்ட் செய்கிற இடங்கள் நிறைய. ஆனால் ஒரு கத்திக்காக உலை ஏற்ற மாட்டார்கள், நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் வாய்ப்பு உண்டு. ஆன்லைனில் டமாஸ்கஸ் என்று அலை அலையாக ரேகை போட்டு விற்கிற கத்திகளை வாங்கிவிட்டு, "நானே செய்தது" என்று பிடி மட்டும் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் நிறைய, எஃகுகளை அடுக்கி அடித்த நிஜ டமாஸ்கஸ் இல்லை, ரேகையை மேலே அச்சடித்த சாதா எஃகு. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து அமிலத்தில் முக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், ரேகை திரும்பி வராது.

செலவு: பட்டை அவருடையது என்றால் அடித்துத் தர 450 ரூபாய், நாம் கொண்டுபோனால் 300. தோய்ச்சலுக்கு உலையைக் கொடுக்க 100, கூடவே அந்தப் பையனுக்கு டீயும் வர்க்கியும். அரம், உப்புத்தாள், அரால்டைட் எல்லாம் தனி. முதல் கத்திக்கு இந்தச் சில்லறைச் செலவுதான் அதிகம் ஆகும், அடுத்தடுத்த கத்திகளில் குறைந்துவிடும்.

காலை ஏழு மணிக்கே உலை மூட்டிவிடுவார், வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால்தான் நிறம் பார்த்து அடிக்கிற வேலை நடக்கும். மத்தியானத்துக்கு மேல் பெரும்பாலும் பிடி போடுவது, சாணை பிடிப்பது. ஞாயிறு லீவு. வெளி மாவட்டத்திலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸுக்கு அது தேவையில்லை. வண்டி சந்துக்குள் இறங்காது, மேலேயே நிறுத்த வேண்டும். ஜிபே உண்டு. ஆனால் எண் திருப்பூரில் இருக்கும் மகனுடையது. பணம் வந்துவிட்டது என்று மகன் போனில் சொன்ன பிறகுதான் கத்தி உங்கள் கைக்கு வரும், அவன் ஷிப்டில் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு போங்கள்.